வீட்டுக் காணொலிக்கு எந்த எடிட்டிங் மென்பொருள்? முதலில் தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீட்டுக் காணொலி என்றால் நாலைந்து வகைதான். கோயில் திருவிழாவில் பால்குடமும் தீமிதியும். பிள்ளையின் பிறந்தநாள். பெண்பிள்ளைக்குச் சடங்கு. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி. அப்புறம், தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு டேவானிலோ (பொது மண்டபத்திலோ) வீட்டு முன்னறையிலோ ஓடவிட ஒரு பழைய படத் தொகுப்பு. எடுப்பது கைப்பேசியில். பார்ப்பது வாட்சாப்பிலும் கூடத்து டிவியிலும், கொஞ்சம் யூடியூப்பிலும். வெட்ட, ஒட்ட, இசை சேர்க்க, பெயர் எழுத. இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

இணையத்தில் "சிறந்த 10 மென்பொருள்கள்" என்று வரும் பட்டியல்கள் இந்த வேலைக்கு உதவாது. அவற்றில் பாதி விளம்பரம். அங்கே யாரும் தமிழ் எழுத்து ஒழுங்காக வருமா என்று பார்ப்பதில்லை, 8 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினியை நினைப்பதுமில்லை. அதனால் பெயரைத் தேடும் முன் மூன்று சோதனைகள். உங்கள் கைப்பேசியில் எடுத்த கோப்பு ஒன்றை உள்ளே போடுங்கள். தமிழில் ஒரு வரி எழுதுங்கள். ஒரு நிமிடக் காணொலியாக வெளியே எடுத்து, வீட்டு டிவியில் பென்டிரைவ் வழியாக ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. தேறாததை அன்றைக்கே அழித்துவிடலாம், திருவிழா முடிந்து முந்நூறு துண்டுகளைப் போட்ட பிறகு அல்ல.

தமிழ் எழுத்து உடைவது ஏன்

சோதனைக்கு இந்தச் சொற்களை எழுதுங்கள்: கொண்டாட்டம், பெற்றோர், பொங்கல், கௌரி, ஸ்ரீ மகா மாரியம்மன். "அம்மா", "அப்பா" என்று எழுதிப் பார்த்துத் திருப்திப்பட்டால் ஏமாந்துபோவீர்கள். அவற்றில் கொம்பு இல்லை.

யூனிகோடில் "கொ" என்பது க என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒகரக் குறியும். திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பகுதி சில மென்பொருள்களின் தலைப்புக் கருவியில் இல்லை, அல்லது அரைகுறையாக இருக்கிறது. அப்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளி எழுத்தைவிட்டு விலகி நிற்கும், ஸ்ரீ மூன்று துண்டாகும். எழுத்துருவை மாற்றினாலும் இது சரியாகாது, கோளாறு எழுத்துருவில் இல்லை. ஒரே மென்பொருளுக்குள் ஒரு தலைப்புக் கருவி சரியாகக் காட்டி இன்னொன்று உடைப்பதும் உண்டு. இருப்பதையெல்லாம் சோதித்துவிடுங்கள்.

எழுத்துருவால் வரும் கோளாறு வேறு மாதிரி. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் யாரோ தட்டித் தந்த அழைப்பிதழ் வாசகத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கஞ்சியாக வரும். அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். விண்டோஸில் நிர்மலா யூஐ, லதா இரண்டும் பாதுகாப்பானவை. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், தடித்த வடிவமும் அதில் உண்டு, டிவியில் தூரத்திலிருந்து படிக்க அதுவே நல்லது. ஆப்பிள் கணினியில் இணைமதி இருக்கும். அதை வடிவமைத்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். தமிழில் தட்ட உதவும் முரசு அஞ்சலும் செல்லினமும் அவர் தந்தவைதாம்.

மற்றதெல்லாம் பிடித்திருந்து எழுத்து மட்டும் உடைகிறது என்றால் அந்த மென்பொருளைக் கைவிட வேண்டாம், சுற்றுவழி இருக்கிறது. பவர்பாயிண்டில் எழுத்துப் பெட்டி ஒன்று போட்டு, எழுத்தை 80 அளவுக்குப் பெரிதாக்கி, வெள்ளை நிறத்தில் எழுதுங்கள். பெட்டியின் ஓரத்தில் வலது சொடுக்கு, "சேவ் ஆஸ் பிக்சர்", வகை பிஎன்ஜி. பின்னணி இல்லாத படமாக வரும். அதைக் காணொலிக்கு மேல் தடத்தில் வைத்தால் தலைப்பு தயார். சின்ன எழுத்தில் செய்துவிட்டுப் பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் ஓரம் மங்கும், அதனால்தான் 80. பழைய டிவிகள் படத்தின் விளிம்பைக் கொஞ்சம் வெட்டிவிடும். 1920க்கு 1080 சட்டத்தில் இடம் வலம் 96 புள்ளியும் (பிக்சல்) மேல் கீழ் 54 புள்ளியும் விட்டு உள்ளே எழுதுங்கள்.

கைப்பேசிச் செயலிகளில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே காட்டப்படும் அலங்கார எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது. எதைத் தட்டினாலும் ஒரே எழுத்து வந்தால் பழுது என்று நினைக்காதீர்கள்.

கைப்பேசிக் கோப்பு செய்யும் குறும்பு

தொடக்கத்தில் உதட்டசைவும் குரலும் பொருந்தி, பத்தாவது நிமிடத்தில் குரல் முந்திப் போகிறதா? கைப்பேசிகள் பல வினாடிக்கு இத்தனை சட்டம் (பிரேம்) என்று நிலையாக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் 30 என்பது 27 ஆகும், 24 ஆகும். கோயில் மண்டபத்துக்குள் எடுத்தவற்றில் இது அதிகம். எடிட்டிங் மென்பொருள் நிலையான வேகத்தை எதிர்பார்ப்பதால் ஒலி நழுவுகிறது. இதற்குத் தீர்வு வெட்டத் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோ பக்கத்தில் பிரேம்ரேட்டை 30 என்று வைத்து, "கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்" என்பதைத் தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். ஷாட்கட் என்ற இலவச எடிட்டிங் மென்பொருள் இதைத் தானே கண்டுபிடித்து, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றவா என்று கேட்கும். மூன்று தரம் காட்டும், "குட்" போதும். மற்ற இரண்டும் வட்டை நிரப்பிவிடும்.

ஐபோனில் இன்னும் இரண்டு உண்டு. எச்இவிசி வகையில் பதிவான கோப்பைப் பழைய விண்டோஸ் மடிக்கணினி திறக்காது, திறந்தாலும் திக்கித் திக்கி ஓடும். செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" வைத்தால் எச்.264 ஆகப் பதியும், கோப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். இரண்டாவது, வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதலாகப் பதியும் எச்டிஆர். ஐபோன் 12 முதல் அது தானாகவே இயங்கும். எடிட் செய்த பிறகு முகமெல்லாம் வெளிறிப்போய், வெள்ளை வேட்டி கண்ணைக் கூசினால் காரணம் அதுதான். "ரெக்கார்ட் வீடியோ" பக்கத்தில் எச்டிஆரை அணைத்துவிடுங்கள்.

4கே வேண்டாம் என்பது என் கருத்து. ஐபோன் கணக்குப்படி எச்இவிசி வகையில் 1080பி, 30 சட்டம் என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி. 4கே என்றால் 170 எம்பி. நாற்பது நிமிடத் திருவிழாவுக்கு 2.4 ஜிபியா, 6.8 ஜிபியா என்று பாருங்கள். வாட்சாப்பில் பார்க்கப்போகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மடிக்கணினிக்கு நன்றாகத் தெரியும்.

படம் எடுக்கும்போதே கவனிக்க வேண்டிய இன்னொன்று, விளக்கு மினுக்கல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவான எல்இடி சரமும் வினாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். 30 சட்டத்தில், ஷட்டரைக் கைப்பேசி தன் போக்கில் வைத்தால் படத்தில் பட்டைகள் ஓடும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஆண்ட்ராய்டில் புரோ வீடியோ இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள். ஐபோனில் "ஷோ பால் ஃபார்மட்ஸ்" போட்டால் 25 சட்டம் கிடைக்கும். ஆனால் வீட்டில் மூன்று கைப்பேசிகள் எடுக்கின்றன என்றால் மூன்றிலும் ஒரே எண். 25-ஐயும் 30-ஐயும் கலந்தால் சாமி ஊர்வலம் தத்தித் தத்திப் போகும்.

எந்த இயந்திரத்துக்கு எது

மடிக்கணினியே இல்லாவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஐந்து நிமிடத்துக்குள் முடியும் வேலைக்குக் கைப்பேசியே போதும். ஐபோனில் ஐமூவி இலவசம், படத்தின் மேல் மென்பொருளின் பெயர் முத்திரை விழாது, குழப்பமும் இல்லை. ஆண்ட்ராய்டில் வி.என். நல்ல தொடக்கம். கேப்கட் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் முன்பு இலவசமாக இருந்த பல வசதிகள் இப்போது புரோ கட்டணத்துக்குள் போய்விட்டன. வேலையெல்லாம் முடித்து எக்ஸ்போர்ட் அழுத்தும்போதுதான் பணம் கேட்கும். ஒவ்வொரு வசதியைத் தொடும்போதும் அதன் மூலையில் புரோ குறி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் அது தானாகச் சேர்க்கும் தன் பெயர்த் துண்டை நீக்கவும் மறக்க வேண்டாம், காரியத்துக்குப் போடும் தொகுப்பு கேப்கட் பெயரோடு முடிவது நன்றாக இருக்காது. கைன்மாஸ்டர் இலவசப் பதிப்பு முத்திரை போடும்.

விண்டோஸ் 11 மடிக்கணினியில் க்ளிப்சாம்ப் கூடவே வந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் 2021இல் வாங்கியது. 1080பி வரை இலவசம், முத்திரை கிடையாது. பள்ளி மாணவர்கள் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். ஆனால் கணக்குத் திறந்து உள்நுழைய வேண்டும், இணையத்தோடு ஒட்டி வளர்ந்த மென்பொருள் அது. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஃபைபர் இருப்பவர்களுக்குச் சரி. செம்பனைக்கு நடுவே வரிவீட்டில் ஒரு கோடு சிக்னலை வைத்துக்கொண்டு ஓட்டுபவர்களுக்குப் பொறுமை சோதிக்கும்.

அவர்களுக்கும், பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்வது ஷாட்கட். முழுக்க இலவசம், திறமூலம், முத்திரை இல்லை, ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே தேவையில்லை. 1080பி வேலைக்கு 8 ஜிபி ராம் போதும். தோற்றம் அழகில்லை, முதல் நாள் மிரட்டும். கேடென்லைவும் இதே இனம், கொஞ்சம் கூடுதல் வசதி. ஓப்பன்ஷாட் பார்க்க எளிது, துண்டுகள் கூடக் கூடத் திணறும்.

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பைப் பலர் பரிந்துரைப்பார்கள். அருமையான மென்பொருள்தான். 16 ஜிபி ராமும் தனி கிராஃபிக்ஸ் அட்டையும் இல்லாத மடிக்கணினியில் அதைப் போடுவது, சின்ன லோரியில் செம்பனைக் குலையை மலைபோல ஏற்றுவதற்குச் சமம். உங்களிடம் எவ்வளவு ராம் என்று தெரியாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் மெமரியைப் பாருங்கள்.

ஃபில்மோரா எளிது, ஆனால் பணம் கட்டாமல் வெளியே எடுத்தால் முத்திரை விழும். "க்ராக்" செய்ததை யாராவது பென்டிரைவில் தந்தால் வாங்காதீர்கள், வைரஸ் நுழைய அதைவிட நல்ல வாசல் கிடையாது. விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது, இன்று அந்தப் பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றைத் தொட வேண்டாம். கைப்பேசிச் செயலியில் "ஏழு நாள் இலவசம்" எடுத்தவர்கள், செயலியை அழித்தால் சந்தா நிற்காது என்பதை நினைவில் வையுங்கள். பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பக்கத்துக்குப் போய் ரத்து செய்தால்தான் வெள்ளி போவது நிற்கும்.

ஷாட்கட்டில் முதல் மாலை

தொடங்கும் முன், எல்லாக் கோப்புகளையும் மடிக்கணினியில் ஒரே ஃபோல்டருக்குள் நகலெடுங்கள். மென்பொருள் உங்கள் காணொலியைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை, அது எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் எழுதிவைக்கும். பென்டிரைவிலிருந்தே வேலை செய்துவிட்டு அதைப் பிடுங்கினால் மறுநாள் எல்லாம் காணாமல் போயிருக்கும். ஃபோல்டர் பெயரை மாற்றினாலும் அதே கதை.

அடுத்து, வீடியோ மோடு. "ஆட்டோமேட்டிக்" என்றே விட்டால் முதலில் போடும் துண்டின் அளவையே மொத்தத்துக்கும் எடுத்துக்கொள்ளும். முதல் துண்டு நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியில் எடுத்தது என்றால் திருவிழா முழுக்க ஒல்லியான சட்டத்துக்குள் நடக்கும். செட்டிங்ஸில் எச்டி 1080பி 30 என்று நீங்களே வையுங்கள், டிவிக்கு அதுதான். வாட்சாப் ஸ்டேட்டஸுக்கு மட்டும் நிமிர்ந்த சட்டம். நிமிர்ந்த துண்டுகளை அகலச் சட்டத்துக்குள் போடும்போது இருபக்கமும் கறுப்பு வரும். ஃபில்டர்களில் "ப்ளர்: பேட்" சேர்த்தால் அதே படம் மங்கலாக ஓரத்தை நிரப்பும்.

படம் திக்கினால் செட்டிங்ஸில் ப்ராக்ஸியை இயக்குங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் சிறிய நகல் ஒன்று உருவாகி அதை வைத்து வேலை ஓடும், கடைசியில் வெளியே எடுக்கும்போது அசல் கோப்பே பயன்படும்.

பிறகு நான்கு விசைகள் தெரிந்தால் போதும். ஓடவும் நிற்கவும் ஸ்பேஸ். வெட்ட எஸ். துண்டை நீக்கி இடைவெளியை மூட எக்ஸ். நீக்கி இடைவெளியை அப்படியே விட இசட். தொடக்கக்காரர்கள் இசட்டை அழுத்திவிட்டு நடுவில் கறுப்புத் திரை வருகிறதே என்பார்கள். ஒரு துண்டை அடுத்த துண்டின் மேல் கொஞ்சம் ஏற்றினால் மங்கி மாறும் இணைப்பு தானே அமையும். அதற்கு மேல் சுழல்வது, பறப்பது, இதயம் வெடிப்பது எதுவும் வேண்டாம். சடங்குக் காணொலியில் பத்து நிமிடத்துக்கு நாற்பது இதயம் பார்த்துக் களைத்த கண்கள் நம்முடையவை.

படத் தொகுப்புக்கு ஒரு கணக்கு. 60 படங்கள், ஒவ்வொன்றும் 5 வினாடி என்றால் 5 நிமிடம் என்று நினைத்துப் பாடலை அளந்து வைப்பார்கள். படங்களுக்கு இடையே 1 வினாடி இணைப்புப் போட்டால் 59 வினாடி கரைந்துவிடும், தொகுப்பு 4 நிமிடம் 1 வினாடிதான் வரும். பிளேலிஸ்டில் படங்களை வரிசைப்படுத்தி, தேர்ந்து, ஸ்லைட்ஷோவாகச் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தால் நேரத்தையும் இணைப்பையும் அங்கேயே கேட்கும்.

மாலை மழையும் இடியும் இங்கே சொல்லிக்கொண்டு வருவதில்லை. பேட்டரி செத்த மடிக்கணினியைச் சுவரில் செருகி வேலை செய்பவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்துக்கொள்ளுங்கள். ஷாட்கட் தானாகவும் சேமித்து வைக்கும், மறுபடி திறக்கும்போது மீட்கவா என்று கேட்டால் ஆம் சொல்லுங்கள்.

அலமாரியில் கிடக்கும் கல்யாண விசிடி

பெற்றோரின் கல்யாண விசிடி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து ஒரு நிமிடம் எடுத்துச் சேர்த்தால் தொகுப்புக்கே உயிர் வரும். யூஎஸ்பி டிஸ்க் டிரைவில் போட்டு, "எம்பெக்ஏவி" என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் டாட் (.DAT) கோப்பை மடிக்கணினிக்கு நகலெடுங்கள். பாதியில் நின்றால் தட்டை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மென்துணியால் நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. கோப்பை விஎல்சி ஓட்டும். எடிட்டிங் மென்பொருள் ஏற்காவிட்டால் விஎல்சியின் "கன்வர்ட்" வழியாகவே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். விசிடியின் படம் வெறும் 352க்கு 288 புள்ளி. பெரிய திரை முழுக்க இழுத்தால் முகம் பிசுபிசுக்கும். சட்டத்தின் பாதி அளவில், மங்கலான பின்னணிக்கு நடுவே வையுங்கள், பழைய ஆல்பம் போலவே அழகாக இருக்கும்.

டிவிடி என்றால் "வீடியோ டிஎஸ்" ஃபோல்டரை ஹேண்ட்பிரேக்கில் திறக்கலாம். நகரும் இடங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் "டீஇன்டர்லேஸ்" போட்டு மாற்றுங்கள்.

ஒலியும் வெளியீடும்

உறுமி மேளத்துக்கு இரண்டடி தள்ளிப் பிடித்த கைப்பேசியில் ஒலி கிழிந்திருந்தால் எந்த மென்பொருளாலும் ஒட்ட முடியாது. வேறொருவர் தள்ளி நின்று எடுத்த ஒலியைப் பிரித்துச் சேர்ப்பதே வழி. காற்றிரைச்சலுக்கு "ஹை பாஸ்" ஃபில்டரை 100 ஹெர்ட்ஸில் வைத்தால் பாதி குறையும். பேச்சு இருக்கும் இடத்தில் பின்னணி இசையை 18 முதல் 20 டெசிபல் இறக்குங்கள். கைப்பேசி ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள், பெரும்பாலோர் அதில்தான் கேட்பார்கள். சினிமாப் பாட்டு சேர்த்தால் யூடியூப்பின் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும். டேவான் ஒலிபெருக்கியில் பின்னால் ஓடிய பாட்டையும் பிடிக்கும். யூடியூப்புக்குப் போவதென்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை எடுங்கள். டிவியில் மட்டும் ஓடுவதற்கு அந்தக் கவலை இல்லை.

வெளியீட்டுக்கு எம்பி4, எச்.264, ஏஏசி. எச்.265 (மேலே சொன்ன எச்இவிசிதான்) கோப்பு சிறிதாகும், ஆனால் பழைய டிவி கறுப்புத் திரை காட்டும். ஷாட்கட்டில் யூடியூப் என்ற தயார் அமைப்பைத் தேர்ந்தால் போதும். பிட்ரேட் எண் கேட்கும் மென்பொருளில் 1080பிக்கு 10 எம்பிபிஎஸ் கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு 750 எம்பி ஆகும், 5 எம்பிபிஎஸ் இணைய வேகத்தில் யூடியூப்பில் ஏற்ற 20 நிமிடம். வாட்சாப்புக்கு 720பி, 3 எம்பிபிஎஸ் தனியாக ஒன்று. மூன்று நிமிடம் 68 எம்பிக்குள் அடங்கும். காணொலியாக அனுப்பினால் வாட்சாப் இன்னொரு முறை நசுக்கும், "டாக்குமென்ட்" வழியாக அனுப்புங்கள்.

டேவான் டிவிக்குக் கொண்டுபோகும் பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் ஏற்கும், ஆனால் பழைய டிவிகள் சில அதைப் படிக்காது. ஆகவே ஃபேட்32இல் 4 ஜிபிக்குள் ஒரு கோப்பு, பெயர் தமிழில் இல்லாமல் வெறும் எண்ணாக. முதல் நாளே போய் அந்த டிவியிலேயே கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள், எச்டிஎம்ஐ கம்பி ஒன்றும் பையில் இருக்கட்டும்.